இராமநாதபுரம் கடற்கரையில் பந்தயப் புறா வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம் போன்ற ஊர்களில் புதிதாகப் புறா வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. உள்நாட்டு ஊர்களுக்குப் பொருந்தும் பல வழிமுறைகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. நம் கூண்டைச் சுற்றியுள்ள திசைகளில் பாதி கடல் என்பதே அதற்குக் காரணம்.

பந்தயப் புறாவும் கர்ணப் புறாவும் ஒன்றா?

இல்லை. கர்ணப் புறா தன் கூண்டுக்கு மேலேயே உயரப் பறந்து, குட்டிக்கரணம் அடித்து, எத்தனை மணி நேரம் வானில் நிற்கிறது என்பதைக் கொண்டு மதிக்கப்படுவது. பந்தயத்துக்கு விடும் ஹோமர் புறாவோ முன்பின் பார்த்திராத ஊரில் திறந்துவிடப்பட்டு, தன் கூண்டைத் தேடி வந்து சேர வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய இனம் இது. ஒடிசா காவல்துறை 1946-இல் தொடங்கிய புறா அஞ்சல் பிரிவிலும் இவ்வினப் புறாக்களே பணியாற்றின. 1948 ஏப்ரலில் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்கிற்கு ஒரு செய்தியை இப்புறா வழியாகவே அனுப்பினார். இரண்டு வகையையும் ஒரே கூண்டில் வளர்ப்பவர்கள் நம் பகுதியில் உண்டு என்றாலும், இரண்டின் தீவன முறையும் பழக்கும் முறையும் வேறு என்பதால் தனித்தனியாக அடைப்பதே நல்லது.

நன்றாகப் பறக்கும் பெரிய புறாவை விலைக்கு வாங்கிப் பந்தயத்துக்கு விடலாமா?

விடக் கூடாது. திறந்த மறுகணமே அது தான் பிறந்த கூண்டை நோக்கிப் புறப்பட்டுவிடும். வாங்கி ஓராண்டு கழித்துத் திறந்தாலும் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்த புறாக்கள் உண்டு. எனவே வெளியூரிலிருந்து வாங்கிய புறாவை ஜோடி சேர்த்து அடைத்தே வைத்து, அதன் குஞ்சுகளைப் பழக்க வேண்டும்.

பெட்டை இரண்டு முட்டையிடும். பகலில் சில மணி நேரம் ஆணும், மாலை முதல் மறுநாள் காலை வரை பெட்டையுமாக அடைகாக்க, ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் சில நாள்களுக்குத் தாயும் தந்தையும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் புறாப்பாலையே ஊட்டும். ஒரு வாரம் ஆகும்போது காலில் எண் பொறித்த வளையம் போட்டுவிட வேண்டும். அதற்குள் போட்டால் நழுவி விழும், மேலும் சில நாள் தாமதித்தால் பாதம் பெருத்து நுழையாது. மூன்று விரல்களை முன்னால் சேர்த்துப் பிடித்து, வளையத்தை அவற்றின் வழியே ஏற்றி, பின் விரலை மட்டும் மெல்ல இழுத்து வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிக்கொண்டால் குஞ்சுக்கு வலிக்காது. ஒரு மாத அளவில் தானாகத் தீவனம் கொத்தத் தொடங்கும் குஞ்சே நம் மாணாக்கன்.

கூண்டை எப்படி அமைப்பது?

உப்புக்காற்று கம்பி வலையைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பனஞ்சட்டமும் மூங்கில் பிளாச்சும் நம் ஊரில் எளிதில் கிடைப்பவை. அவற்றால் அடித்த முகப்பு கம்பியைவிட நீண்ட நாள் நிற்கும். கூரைக்கு வெறும் தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பாகிவிடும் என்பதால் அதன் மேல் பனையோலை வேய்வது அவசியம். தரையிலிருந்து இடுப்பளவாவது உயர்த்திக் கட்டி, கால்களில் தகரம் சுற்றினால் சாரைப்பாம்பும் பூனையும் மரநாயும் ஏறா.

பழைய மீன்வலையைப் பறப்பிடத்தின் மேல் கட்டும் வழக்கம் கடற்கரை எங்கும் உண்டு. பருமனான நூல் வலையாக இருந்தால் தவறில்லை. மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலை கூடவே கூடாது. புறாவின் விரலில் ஒரு சுற்றுச் சுற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் சதைக்குள் இறங்கி, விரலே கறுத்து உதிர்ந்துவிடும்.

நுழைவாயிலில், உள்நோக்கித் தள்ளினால் மட்டும் திறக்கும் தொங்கு கம்பிகளைப் பொருத்த வேண்டும். பந்தயத்தில் கூரை வரை வந்துவிட்டு உள்ளே நுழையாமல் ஓட்டின் மேல் கால்மணி நேரம் உலாவும் புறாவால் பயனில்லை.

என்ன தீவனம் கொடுப்பது?

ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் போதும். கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றோடு பச்சைப்பயறும் பட்டாணியும் கலந்து கொடுப்பது பொது வழக்கம். குஞ்சு வளரும் காலத்திலும் இறகு உதிர்க்கும் காலத்திலும் பயறு வகைகளைக் கூட்ட வேண்டும். தொலைவான பந்தயத்துக்கு முந்தைய சில நாள்களில் மக்காச்சோளத்தையும் சிறிது நிலக்கடலையையும் கூட்டலாம், ஏனெனில் நீண்ட பறப்பில் புறா எரிப்பது பெரும்பாலும் கொழுப்பையே. காலையில் பசியோடு பறக்கவிட்டு, இறங்கிய பின் டப்பாவைக் குலுக்கிக் கொடுப்பதே பழக்கத்தின் உயிர். எந்நேரமும் தீவனம் நிறைந்திருக்கும் கூண்டின் புறா அழைத்தால் வராது.

கிளிஞ்சலை இடித்துச் செங்கல் தூளும் சிறிது கல்லுப்பும் சேர்த்து வைப்பது முட்டை ஓட்டுக்கும் செரிமானத்துக்கும் உதவும். கிளிஞ்சலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டுகளைச் சிலர் பொறுக்கி வந்து இடிக்கிறார்கள். பவளம் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது என்பதால் அதைத் தொடவே கூடாது.

புறா எப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறது?

ஒரே வழியால் அல்ல என்பதே ஆய்வுகள் காட்டுவது. சூரியன் நிற்கும் இடத்தையும் தன் உடலுக்குள் இருக்கும் நேர உணர்வையும் சேர்த்துத் திசை அறிகிறது. செயற்கை விளக்கால் அந்த நேர உணர்வை ஆறு மணி நேரம் மாற்றிவிட்டால், ஏறத்தாழ 90 பாகை தவறிய திசையில் புறப்படுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கீட்டன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகில் காந்தம் கட்டிய புறாக்கள் வெயில் நாளில் சரியாகத் திரும்பின. மூட்டமான நாளிலோ திசை தடுமாறின. பித்தளைத் துண்டு கட்டியவை அப்படித் தடுமாறவில்லை. இத்தாலியின் பீசா நகரில் புளோரியானோ பாப்பியும் அவர் குழுவினரும், மோப்பம் இழந்த புறாக்கள் அறியாத இடத்திலிருந்து வீடு திரும்பத் திணறுவதைக் காட்டினார்கள். பழகிய பகுதிக்குள் வந்தபின் சாலைகளையும் ஆறுகளையும் பார்த்துப் பறக்கின்றன.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. மார்கழிப் பனிமூட்டத்தில், சூரியன் தெளியும் முன் இளம் புறாவைத் திறந்துவிடுவது அதை இழப்பதற்கான நேர்வழி. மேலும், இரவில் தெருவிளக்கின் வெளிச்சம் நேராக அடிக்கும் இடத்தில் கூண்டு வைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

பயிற்சியை எங்கே தொடங்கி எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

இறகு முளைத்த குஞ்சுகளை முதலில் சில நாள் கூண்டின் மேல் உள்ள வலைப்பெட்டியில் விட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்க்க வைக்க வேண்டும். பின்னர் மாலையில், பசியோடு இருக்கும்போது, யாரும் விரட்டாமல் தானாக வெளியே வந்து கூரையில் நடந்து உள்ளே திரும்பட்டும். கூட்டமாக எழும்பி ஊரைச் சுற்றிவரத் தொடங்கிய பின், ஒரு நாள் அரைமணி நேரத்துக்கும் மேல் கண்ணில் படாமல் போய்த் திரும்பும். அதுவே டாஸ் விட, அதாவது கூடையில் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட, தயார் என்பதற்கான அடையாளம். அதற்கு முன் கூடையில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை.

கீழக்கரையில் கூண்டு வைத்திருப்பவர் முதலில் திருப்புல்லாணி, பின்னர் ராமநாதபுரம், அதன்பின் சத்திரக்குடி, பரமக்குடி, மானாமதுரை, மதுரை என்று நெடுஞ்சாலையின் போக்கிலேயே தொலைவைக் கூட்டலாம். நேர்கோட்டில் அளந்தால் கீழக்கரையிலிருந்து பரமக்குடி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், மதுரை 100-ஐச் சற்றுத் தாண்டும். குறுகிய தொலைவில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று முறை விட்ட பின்பே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். முதல் தடவை கூட்டமாகவும், பின்னர் இரண்டிரண்டாகவும், கடைசியில் தனித்தனியாகவும் விட வேண்டும். கூட்டத்தோடு மட்டுமே பழகிய புறா முன்னால் பறப்பதன் பின்னால் போகுமே தவிர, தானாக முடிவெடுக்காது.

நம் கரையின் இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. உள்நாட்டில் வளர்ப்பவர் நான்கு திசையிலும் விட்டுப் பழக்கலாம். தவறிப்போன புறா கூண்டைத் தாண்டிவிட்டால் எங்காவது ஒரு வயலில் இறங்கித் திரும்பி வரும். நம் புறா வேகத்தில் கூண்டைத் தாண்டினால் அடியில் இருப்பது கடல். புறாவுக்குத் திறந்த நீரின் மேல் பறக்க இயல்பாகவே விருப்பமில்லை என்பது ஓரளவு காப்பு. இருந்தாலும் பலத்த காற்றில் தள்ளப்பட்ட இளம் புறா அலைமேல் களைத்து விழுவதுண்டு. சில சமயம் விசைப்படகின் மேல்தட்டில் அடைக்கலம் புகுந்து, மீனவர் தோளோடு கரை சேர்வதும் உண்டு. எனவே நீண்ட பயிற்சிக்கு முன், கரையை ஒட்டியே சாயல்குடிப் பக்கமும் தேவிபட்டினப் பக்கமும் சில குறுகிய டாஸ்கள் விட்டு, கடல் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் புறா அறியச் செய்வது நல்லது. இதை வீண் வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். இழப்புக் கணக்கைப் பார்த்தால் அவர்கள் பேச்சு குறைந்துவிடும்.

உப்பளங்கள் இன்னொரு பொறி. தாகத்தோடு வரும் புறாவுக்குப் பாத்தியில் மின்னும் நீர் குடிநீராகத் தெரியும். செறிந்த உப்புநீரைக் குடித்த புறா எஞ்சிய தொலைவைத் தாண்டாது. கூடையில் ஏற்றும் முன் நிறைய நன்னீர் குடிக்க வைப்பதும், வெயில் ஏறும் முன் வந்து சேரும்படி விடியற்காலையில் திறப்பதும் இதற்கான தற்காப்பு.

ராமேஸ்வரம் தீவில் கூண்டு வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

பாம்பன் கால்வாயைத் தாண்டும் துணிவை முதலில் பழக்க வேண்டும். அகலம் இரண்டு கிலோமீட்டர் அளவே என்றாலும், முதல் முறை வரும் இளம் புறா மண்டபம் கரையில் சுற்றிக்கொண்டே நின்றுவிடும். எனவே மண்டபத்திலிருந்தே, கடந்து பழகிய பெரிய புறாவோடு சேர்த்து, குறைந்த காற்றுள்ள காலையில் பல முறை விட வேண்டும். பாலத்தின் வரிசையைப் பிடித்துக்கொண்டு பறக்கக் கற்றுக்கொண்டால் பின்னர் தயங்காது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் அதன் அருகில் நின்று புறாக்களைத் திறந்துவிடக் கூடாது. அத்தளத்தின் பெயரே பருந்து என்பது புறாக்காரர்களுக்குச் சிரிப்பூட்டும் பொருத்தம்.

எந்தக் காலம் உகந்தது? காற்று எவ்வளவு தடை?

நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான். அது ஓய்ந்தபின் தை முதல் பங்குனி வரையே டாஸுக்கும் பந்தயத்துக்கும் ஏற்ற காலம். மதுரையிலிருந்து வரும் புறா தென்கிழக்கு நோக்கிப் பறப்பதால், வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்து அதைச் சாயல்குடிப் பக்கம் ஒதுக்கும். தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளித் தொண்டிப் பக்கம் கொண்டுபோகும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும்போது இறகு உதிர்க்கவும் ஓய்வெடுக்கவும் விட்டுவிடுவதே சரி. ஒவ்வோர் இறக்கையிலும் உள்ள பத்து முதன்மை இறகுகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைக்கும். வெளி இறகுகள் பாதி வளர்ந்திருக்கும்போது பந்தயத்துக்கு அனுப்புவது கொடுமை.

பைரியும் வல்லூறும் தாக்கினால் என்ன செய்வது?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற சரணாலயங்களுக்கும் வாலிநோக்கம் சேற்றுநிலங்களுக்கும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும்போது அவற்றின் பின்னாலேயே, பறவைகளை வேட்டையாடும் பைரியும் வந்துவிடும். நம் பந்தயக் காலமும் அதுவே என்பது தவிர்க்க முடியாதது. வேட்டை தீவிரமான நாள்களில் பறக்கும் நேரத்தை மாற்றலாம். சில நாள் அடைத்தே வைக்கலாம். கண்ணி வைப்பதும் சுடுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், வானத்தில் நாம் விட்ட பறவைக்காக வானத்துக்கே உரிய பறவையைக் கொல்வதில் நியாயமில்லை.

பந்தயத்தில் முதலில் வந்து சேரும் புறாவே வென்றதா?

அப்படியல்ல. ஒவ்வொரு கூண்டும் திறந்த இடத்திலிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பதால், நேர்கோட்டுத் தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுவார்கள். 140 கிலோமீட்டரை 120 நிமிடத்தில் கடந்த புறாவின் வேகம் ஏறத்தாழ 1,167 மீட்டர். 150 கிலோமீட்டரை 125 நிமிடத்தில் கடந்ததன் வேகம் 1,200 மீட்டர். ஐந்து நிமிடம் பிந்தி வந்த இரண்டாவது புறாவே வென்றது. முன்பு காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பூட்டிய கடிகாரப் பெட்டியில் போட்டு நேரம் பதித்தார்கள். இப்போது சில்லு வைத்த வளையமும், நுழைவாயிலில் அதைப் படிக்கும் தட்டும் வந்துவிட்டன.

நம் கூண்டுக்கு வேறொருவரின் புறா வந்து சேர்ந்தால்?

நீரும் கொஞ்சம் தீவனமும் கொடுத்து, ஒரு நாள் தனியாக ஓய்வெடுக்க விட வேண்டும். வளைய எண்ணைக் குறித்துக்கொண்டு, இறக்கையை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உரிமையாளரின் தொலைபேசி எண் முத்திரையிடப்பட்டிருக்கும். அழைத்துச் சொல்லிவிட்டு, தெம்பு வந்ததும் விடியற்காலையில் திறந்துவிட்டால் அதுவே போய்ச் சேரும். பறக்க இயலாத நிலையில் இருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, அந்தப் பக்கம் போகும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம்.

இந்த ஒரு விதியில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. வேறு எத்தனையோ பிணக்குகள் எங்களுக்குள் உண்டு. தூரம் அளந்ததில் தகராறு, நேரம் குறித்ததில் தகராறு, யாருடைய ஜோடியின் குஞ்சு என்பதில் தகராறு. ஆனால் வந்த புறாவை மறைத்து வைத்து வளையத்தை வெட்டியவர் என்று பெயர் வாங்கியவரோடு யாரும் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கரையோரக் கூண்டின் புறா திசை தவறினால் பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ தான் இறங்கும். அங்கே அதற்கு நீர் வைப்பவர் போன வாரம் நம்மிடம் தோற்றவராகவே இருப்பார். இந்தக் கரையில் தனியாக ஒருவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் பந்தயப் புறா வளர்க்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தனியாகத் தொடங்குபவரைப் பழைய ஆள்கள் சேர்த்துக்கொள்வார்களா?

கூண்டைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் போதும். கீழக்கரையில் மூத்தவரை "காக்கா" என்றும், பாம்பன் பக்கம் "அண்ணே" என்றும் அழைத்துக்கொண்டு போய் நின்றால், முதல் நாளே கையில் ஒரு புறாவைக் கொடுத்து "பிடித்துப் பார்" என்பார்கள். கால்கள் இரண்டும் விரல்களின் இடுக்கில், இறக்கை நுனிகள் கட்டைவிரலின் கீழ், மார்பு மறு உள்ளங்கையில் என்று பிடிக்கத் தெரிந்துகொள்வதே சேர்க்கை. மதுரை ரயிலில் கூடைகளை ஏற்றிச் செல்லும் வேலையை முறை வைத்துச் செய்வார்கள். புதியவர் அந்த முறையில் ஒரு தடவை போய் வந்துவிட்டால் அவருக்கு ஒரு ஜோடிக் குஞ்சு பெரும்பாலும் இலவசமாகவே வந்துவிடும். மீனவர், வியாபாரி, ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர் என்ற வேறுபாடோ மத வேறுபாடோ கூரையின் மேல் நின்று வானத்தைப் பார்க்கும் நேரத்தில் எழுவதில்லை. பணம் வைத்துப் பந்தயம் கட்டும் கூட்டங்களிலிருந்து மட்டும் விலகியிருக்க வேண்டும். நட்பு முறிவதும் புறாவுக்கு மருந்தேற்றுவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

வளையம் போட்ட புறாவால் காவல்துறைச் சிக்கல் வருமா?

எல்லைக் கடல் என்பதால், காலில் எண் பொறித்த புறா கரையில் கிடைத்தால் சந்தேகம் எழுவது இயல்பு. வளைய எண்களின் பட்டியலைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் கேட்கும்போது காட்டிவிடலாம். தாளில் எதையும் எழுதிக் காலில் கட்டி விளையாட வேண்டாம்.

எந்த நோய்களுக்குக் கவனம் தேவை? வளர்ப்பவரின் உடல்நலம்?

கழுத்து திருகிக்கொண்டு தீவனத்தைக் குறிதவறிக் கொத்தும் புறாவுக்குப் பெரும்பாலும் பாராமிக்சோ வைரஸ் தொற்று இருக்கும். அதற்கு மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசி போடுவதே வழி. கொசுவால் பரவும் அம்மையை மழைக்காலத்தில் எதிர்பார்க்கலாம். வாயினுள் மஞ்சள் படிவம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கி நீரில் கலக்கும் பழக்கம் நோயைவிட அதிகமான புறாக்களைக் கெடுத்திருக்கிறது. இறகுத் தூசியையும் உலர்ந்த எச்சத்தையும் நெடுங்காலம் சுவாசிப்பவருக்கு நுரையீரல் ஒவ்வாமை வரக்கூடும். முகக்கவசம் அணிந்து, சிறிது நீர் தெளித்து, பின்பு சுரண்ட வேண்டும். மக்கிய எச்சம் நல்ல உரம். தங்கச்சிமடத்து மல்லிகைக் கன்று வளர்ப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

கோடிக்கணக்கில் விலை போகும் என்கிறார்களே?

2019-இல் அர்மாண்டோ என்ற பெல்ஜியப் புறா 12.5 லட்சம் யூரோவுக்கும், 2020-இல் நியூ கிம் என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்கும் ஏலம் போனது உண்மை. நம் கூண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறேன். கூண்டை விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். பறந்து பழகிய புறாவை வாங்கியவர் திறக்கும்போதெல்லாம் அது உங்கள் பூட்டிய வீட்டுக் கூரைக்கே வந்து நிற்கும். ஊரிலுள்ள புறாக்காரர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதே நம் ஊர் வழக்கம். தீவனச் செலவை மாதந்தோறும் அனுப்பிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி பார்த்துக்கொள்பவருக்கு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அவருக்குச் சுமை கூடாமலிருக்க முட்டைகளை எடுத்துவிட்டு மர முட்டைகளை வைக்கச் சொல்லலாம். புறா சில வாரம் அடைகாத்துவிட்டுத் தானாக எழுந்துவிடும். ஜோடிகளின் விவரத்தையும், எந்தப் புறா எந்தத் தட்டில் அடையும் என்பதையும், தடுப்பூசி போட்ட தேதியையும் எழுதிக் கூண்டின் உட்கதவில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.